ஆறடியார்

திருவொற்றியூரில் ஒருவன் ஓடினால் அதற்குக் காரணம் இருக்க வேண்டும். ஷிப்ட்டுக்கு நேரமாகியிருக்கும், பஸ் கிளம்பியிருக்கும், தண்ணீர் லாரி வந்திருக்கும், இல்லையென்றால் நாய் துரத்தியிருக்கும். போலீஸ் வேலைக்கு ஆள் எடுக்கும் பருவத்தில் பையன்கள் ஓடுவார்கள். அது சம்பளத்தை நோக்கிய ஓட்டம், ஊர் அதை மதிக்கும். ஆனால் காசு கொடுத்து வாங்கிய ஷூவை மாட்டிக்கொண்டு, கிளம்பிய வீட்டுக்கே திரும்பி வருவதற்காக ஒருவன் வேர்க்க விறுவிறுக்க ஓடுவதை இந்த ஊர் 2020-க்கு முன்னால் அதிகம் பார்த்ததில்லை.

அந்த ஆண்டு மார்ச் 25-ல் கொரோனாவுக்காக நாட்டைப் பூட்டினார்கள். தமிழ்நாட்டில் ஜிம்கள் திறக்க ஆகஸ்ட் 10 ஆயிற்று. அந்த இடைவெளியில், லேப்டாப்பும் சோறும் ஒரே மேஜையில் என்று கிடந்த காலடிப்பேட்டைப் பையன்கள் சிலருக்கு பேன்ட் இடுப்பில் ஏற மறுத்தது. விடியற்காலையில் தெருவுக்கு வந்து ஓட ஆரம்பித்தார்கள். போலீஸ் நிறுத்திக் கேட்டது: “யாரைப்பா துரத்துறே?” யாரையும் இல்லை என்று சொன்னபோது சந்தேகம் இன்னும் வலுத்தது.

நான் சொல்ல வந்தது இந்த ஓட்டக்காரரைப் பற்றி அல்ல. இவர் தெருவில் இறங்கிய அதே நாளில், இவரைத் தடுத்து நிறுத்துவதற்கென்றே தெருவுக்கு ஒருவர் அவதரித்தார். அவர்தான் நம் ஆள். ஆறடியார்.

நாயன்மார் பட்டியலில் தேட வேண்டாம். கலிய நாயனார் இந்த ஊர்க்காரர்தான்; செக்காட்டி, கோயிலுக்கு விளக்கெரித்தவர். நம்மவர் யாருக்கும் எண்ணெய் ஊற்றியவர் அல்ல. ஆறடி இடைவெளியைக் காக்கப் பிறந்ததால் இந்தப் பெயர். அறுபது வயது தாண்டியிருப்பார். எம்.ஆர்.எஃப். 1946-ல் பலூன் செய்யும் கொட்டகையாகத் தொடங்கியதும், என்ஃபீல்டு மோட்டார் சைக்கிள் 1955 முதல் உருண்டு வந்ததும், விம்கோ தீப்பெட்டி ஒரு நகருக்கே பெயரானதும் இந்தப் பக்கத்தில்தான். இப்படி ஏதோ ஒரு கம்பெனியில் முப்பது வருஷம் ஓட்டி ரிட்டையர் ஆனவர். அதிலும் அசல் ஆறடியார் என்றால் இன்ஸ்பெக்‌ஷன் பிரிவில் இருந்திருப்பார். ஒரு சாமானைக் கையில் எடுத்துப் பார்த்து ஓகே, ரீவொர்க், ஸ்கிராப் என்று மூன்றில் ஒன்றைச் சொல்வதுதான் அவர் பார்த்த வேலை. ரிட்டையரான பிறகு சாமான் வரவில்லை. மனிதர்கள் வந்தார்கள்.

முதல் ஷிப்ட் சங்கு ஊதும் நேரத்துக்கு அவர் உடம்பு இன்னும் எழுந்துகொள்ளும். காதுவரை மறைக்கும் மஃப்ளர், கட்டம் போட்ட லுங்கி அல்லது மகன் கழித்துப்போட்ட டிராக் பேன்ட், கையில் குடை. மழைக்கு இல்லை அந்தக் குடை, அளக்க. குடையை நீட்டி, கையையும் நீட்டினால் ஆறடி. டேப் எடுக்கத் தேவையில்லை என்பதில் அவருக்கு ஒரு பெருமை உண்டு.

“தம்பி, நில்லு. நமக்குள்ள எத்தினி அடி இருக்கு?”

“சாரி அங்கிள்.”

“சாரி இருக்கட்டும். நாலரை அடி. ஒன்றரை அடி ஷார்ட்டு. ப்ளஸ் ஆர் மைனஸ் அரை அடி வரைக்கும் நான் பாஸ் பண்ணுவேன். இது ரிஜெக்ட்டு.”

இதைச் சொல்வதற்கு முன் மாஸ்க்கைத் தாடைக்கு இறக்கிவிடுவார். மீசை தெரியாமல் அதட்டிப் பழக்கமில்லை. ‘அங்கிள்’ என்றால் பொறுத்துக்கொள்வார். ‘சார்’ என்றால் அரை அடி தள்ளுபடி. ‘தாத்தா’ என்று கூப்பிட்ட பையன்களுக்கு ஆறடி பத்தடி ஆனதுண்டு.

எங்கே நடக்கிறார் என்று கேட்பீர்கள். மெரினாவைப் பூட்டினார்கள், 2020 டிசம்பர் 14 வரை திறக்கவில்லை, தென்சென்னை அதற்காக அழுதது. எங்களுக்குப் பூட்ட மணலே இல்லை. துறைமுகத்துக்குக் கடலுக்குள் சுவர் நீட்ட ஆரம்பித்த 1870-களிலிருந்து, வடக்கே வர வேண்டிய மணல் தெற்கேயே தங்கி மெரினாவை அகலமாக்கியது. ராயபுரத்திலிருந்து இந்தப் பக்கம் கடல் அரித்தது. மெரினாவில் வாக்கிங் போகிறவர் நடப்பது எங்கள் மணலில் என்பதை இந்த இடத்தில் சொல்லி வைக்கிறேன், வாடகை கேட்கவில்லை. எங்கள் கடலோரத்தில் மிச்சம் இருப்பது கொட்டிய கருங்கல்லும், தூண்டில் வளைவும், அதை ஒட்டிய எண்ணூர் விரைவுச் சாலையும், அதில் துறைமுகத்துக்குள் போகக் காத்து நிற்கும் டிரெய்லர் வரிசையும். ஊரடங்கிலும் துறைமுகம் மூடவில்லை. ஆக, ஒரு பக்கம் கல், ஒரு பக்கம் கன்டெய்னர். நடுவில் இருக்கும் மண் விளிம்பில்தான் வலை காயும், கருவாடு காயும், ஓட்டக்காரர் ஓடுவார், ஆறடியார் நடப்பார். ஆறடி விட்டு ஒதுங்கச் சொன்னால் ஒருவர் கடலில் விழ வேண்டும், இல்லை டிரெய்லருக்கு அடியில் போக வேண்டும்.

அதனால் பாதிப்பேர் கோயில் பக்கம் வந்தார்கள். வடிவுடையம்மன் கோயிலின் நடை சாத்தியிருந்தாலும் மாட வீதி திறந்துதானே இருந்தது. இங்கேதான் நிஜமான சண்டை மூண்டது. ஆறடியார் கோயிலை வலமாகச் சுற்றுவார், வேறெப்படிச் சுற்றுவது? ஓட்டக்காரரோ இடமாகச் சுற்றினார். அவர் நாத்திகர் இல்லை, பாவம். ஓட்டப்பந்தயத் தடம் உலகம் முழுக்க இடப்பக்கமாகத்தான் சுற்றும். பள்ளிக்கூட மைதானத்தில் கால் பழகிய பழக்கம். விளைவு, ஒவ்வொரு சுற்றிலும் இரண்டு பேரும் நேருக்கு நேர்.

“சாமிய இடமா சுத்துறியேப்பா, இது இன்னா நாயம்?”

“எதுத்தாப்புல வந்தா உங்களுக்கு என்னைத் தெரியும்ல சார். நான் ஒதுங்கிப்பேன்.”

நியாயமான பேச்சு. மறுநாள் ஓட்டக்காரர் திருந்தி வலமாகவே ஓடினார். அப்போது பின்னாலிருந்து வந்து, காதோரம் உஸ்ஸென்று மூச்சு விட்டுக் கடந்தார். ஆறடியார் குடையோடு துள்ளினார். “பின்னால வந்து ஊதுறான்யா!” எதிரே வந்தால் முகத்தில் ஊதுகிறான், பின்னால் வந்தால் பிடரியில் ஊதுகிறான். ஓட்டக்காரர் எந்தப் பக்கத்திலிருந்து வந்தாலும் ஸ்கிராப்தான்.

இந்த நேரம் பார்த்து ஐரோப்பாவிலிருந்து ஆறடியாருக்கு ஆயுதம் வந்து சேர்ந்தது. 2020 ஏப்ரலில் பெர்ட் ப்ளோக்கன் என்ற பொறியாளரும் அவர் கூட்டாளிகளும், ஓடுகிறவர் மூச்சிலிருந்து தெறிக்கும் துளிகள் பின்னால் எவ்வளவு தூரம் மிதக்கும் என்று கம்ப்யூட்டரில் கணக்குப் போட்டார்கள். ஐன்ட்ஹோவன், லூவன் பல்கலைக்கழகங்களைச் சேர்ந்த அவர் சைக்கிள் பந்தயக்காரர்கள் மீது காற்று எப்படி மோதுகிறது என்று ஆராய்ந்து பெயர் பெற்றவர். நடக்கிறவருக்குப் பின்னால் நான்கைந்து மீட்டர், ஓடுகிறவருக்குப் பின்னால் பத்து, வேகமான சைக்கிளுக்குப் பின்னால் இருபது மீட்டர் விடச் சொன்னார்கள். சிவப்பும் பச்சையுமாகத் துளி பறக்கும் படம் உலகம் முழுக்கப் பறந்தது. சக ஆய்வாளர்கள் சரிபார்ப்பதற்கு முன்பே வெளியிட்ட கணக்கு அது. துளி எங்கே போகும் என்று சொன்னதே தவிர, யாருக்கு நோய் வரும் என்று சொல்லவில்லை. இந்த இரண்டு விஷயங்களும் வாட்ஸ்அப்பில் வரவில்லை. படம் வந்தது.

ஆறடியார் பத்து மீட்டரை அடியாக மாற்றினார். முப்பத்து மூன்றடி. சைக்கிளுக்கு அறுபத்தைந்தடி, அதாவது அறுபத்து மூவரையும் வரிசையாக நிறுத்தி மேலும் இரண்டு பேர். குடை பத்தவில்லை. இன்னொன்றையும் சொல்ல வேண்டும்: அந்தக் கணக்கில் ஓடியவரின் வேகம் மணிக்கு 14.4 கிலோமீட்டர். எங்கள் காலடிப்பேட்டை ஓட்டக்காரர் அந்த வேகத்தைத் தொட்டதை, தேரடி அருகே மாடு முட்ட வந்த அன்று மட்டும்தான் பார்த்தேன்.

பாரிஸில் ஏப்ரல் 8 முதல் காலை பத்திலிருந்து மாலை ஏழு வரை தெருவில் ஓடத் தடை போட்டார்கள் என்ற செய்தியும் ஆறடியாருக்கு வந்தது. “பார்த்தியா, வெள்ளைக்காரனே நிறுத்திட்டான்.” பத்து மணிக்கு மேல் ஓடக்கூடாது என்ற சட்டத்தை எங்கள் ஊர் வெயில் வருஷா வருஷம் சித்திரையில் போடுகிறது என்று ஓட்டக்காரர் சொல்லியிருக்கலாம். காதில் பாட்டு ஓடிக்கொண்டிருந்ததால் அவருக்கு எதுவும் கேட்கவில்லை.

ஓட்டக்காரரிடமும் ஆயுதம் இருந்தது. உடற்பயிற்சி செய்யும்போது மாஸ்க் போடாதீர்கள் என்று உலக சுகாதார நிறுவனம் அந்த ஜூனில் சொல்லியிருந்தது. அதை போனில் காட்டினார். ஆறடியார் கண்ணாடியை நெற்றியில் தூக்கி முழுவதும் படித்துவிட்டுச் சொன்னார்: “அவுங்க ஜெனீவாவுல உக்காந்து எழுதுறாங்க. இங்க ஃபைன் போடுறது கார்ப்பரேஷன். மாஸ்க் இல்லன்னா எரநூறு, தள்ளி நிக்கலன்னா ஐநூறு, துப்புனா ஐநூறு. நீ மூணுமே பண்றே. ஆயிரத்தி எரநூறு எடுத்து வை.” செப்டம்பரில் வந்த அவசரச் சட்டம் அவருக்கு மனப்பாடம். அந்த நாட்களில் போன் போட்டாலே இருமலோடு தொடங்கிய கொரோனா அறிவிப்புக் குரலாவது பேசி முடித்ததும் இணைப்பைக் கொடுத்துவிடும். இவர் கொடுக்க மாட்டார்.

எல்லை தாண்டினால் என்ன ஆகும் என்று இந்த ஊருக்கு யாரும் சொல்லித் தர வேண்டியதில்லை என்பதையும் அவர் அடிக்கடி நினைவுபடுத்துவார். சங்கிலியாரைக் கைப்பிடிக்க, மகிழ மரத்தடியில் ‘ஊரைவிட்டுப் போக மாட்டேன்’ என்று சத்தியம் செய்து கொடுத்தவர் சுந்தரர். திருவாரூர் நினைப்பு வந்து எல்லையைத் தாண்டினார், இரண்டு கண்ணும் போயிற்று. 2020 ஜூன் 19 முதல் 30 வரை சென்னையை மறுபடி இறுக்கிப் பூட்டியபோது, சாமான் வாங்க இரண்டு கிலோமீட்டருக்குள் போக வேண்டும், அதுவும் நடந்தே என்றார்கள். வண்டியில் போனவர்களின் வண்டியைப் பிடுங்கிக்கொண்டார்கள். “அவருக்குக் கண்ணு போச்சு, உனக்கு வண்டிதானே போச்சு, அழாதே” என்று பக்கத்து வீட்டுக்காரருக்கு ஆறுதல் சொன்னவர் ஆறடியார்.

அந்த நாட்களில் அவர் முகத்தில் ஒரு நிறைவு தெரிந்தது. உலகமே அவர் பிரிவின் கீழ் வந்துவிட்டது. பால் பூத் முன்னால் பெயின்ட்டில் வட்டம், ரேஷன் கடை முன்னால் வட்டம், எல்லோரும் வட்டத்துக்குள் நிற்கிறார்கள், வெளியே கால் வைத்தால் கேட்க ஆள் இருக்கிறது. ஒரு இன்ஸ்பெக்டர் கனவிலும் காணாத அசெம்ப்ளி லைன்.

நடைப்பயிற்சி முடிந்ததும் அவர் எங்கே போவார் என்பதுதான் சுவையான இடம். டீக்கடை. பார்சல் மட்டும் என்று போர்டு தொங்கும். பின்பக்கம் தார்ப்பாய்க்கு அடியில் ஒரு பெஞ்ச் இருக்கும். அதில் பழைய ஷிப்ட்டு நண்பர்கள் மூன்று பேர், நான்காவதாக ஆறடியார். நான்கு பேரின் தோளும் தொட்டுக்கொண்டிருக்கும். ஒரே பேப்பர் கை மாறும். பக்கம் திருப்ப நாக்கில் விரல் வைப்பவரும் அதில் உண்டு. நாலு மாஸ்க்கும் நாலு தாடையில். காற்றோட்டமில்லாத இடத்தில் கூடி உட்கார்ந்து பேசுவதுதான் ஆபத்து, திறந்தவெளியில் ஒரு நொடி கடந்து போகிறவரால் தொற்றுவது அரிது என்று டாக்டர்கள் அப்போதே சொல்லிக்கொண்டிருந்தார்கள். அதை அவரிடம் சொன்னால், “இவுங்கள்லாம் நம்மாளுங்கப்பா” என்பார். முப்பது வருஷம் ஒரே கேன்டீனில் சாப்பிட்டவனிடம் கிருமி இருக்க முடியாது. கிருமி, பெயர் தெரியாதவனிடம் இருக்கும். அதிலும் பளபளவென்று பனியன் போட்டவனிடம் நிச்சயம் இருக்கும். இந்தக் குடையால் அளந்ததெல்லாம் தூரத்தையா, உறவையா என்று எனக்குச் சந்தேகம்.

ஓட்டக்காரருக்கும் வக்காலத்து வாங்க முடியாது. அவர் ‘எக்ஸ்க்யூஸ் மீ’ என்பார். திருவொற்றியூரில் அந்த வார்த்தைக்கு யாரும் இதுவரை வழி விட்டதில்லை. நிற்கச் சொன்னால் நிற்காமல், கைக்கடிகாரத்தைப் பார்த்தபடி நின்ற இடத்திலேயே குதித்துக்கொண்டு பதில் சொல்வார். நின்றால் கணக்கு கெட்டுவிடுமாம். பெரியவர் ஒருவர் கோபமாக இருக்கும்போது எதிரே ஒருவன் குதித்துக்கொண்டிருந்தால் கோபம் ஆறுமா? துப்புவதும் உண்மை. ஓரமாகத் துப்பினேன் என்பார். மாட வீதியில் எது ஓரம்?

2021-ல் இரண்டாம் அலை தணிந்த ஜூன் மாதம், பூங்காக்களைக் காலை ஆறு முதல் ஒன்பது வரை நடைப்பயிற்சிக்கு மட்டும் திறக்கலாம் என்று அரசு உத்தரவு வந்தது. ஆறடியார் அந்தச் செய்தியை வெட்டிச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார். பூங்கா வாசலில் ஓட்டக்காரரை மடக்கினார்.

“நடைப்பயிற்சின்னு போட்ருக்கு. ஓட்டப்பயிற்சின்னு எங்கனா போட்ருக்கா?”

“வேகமா நடக்கிறேன்னு வெச்சுக்கங்களேன் சார்.”

“ரெண்டு காலும் ஒரே நேரத்துல தரையில இல்லன்னா அது ஓட்டம். எனக்குத் தெரியாதா?”

இது சரி. நடைப்போட்டி விதியும் அதையேதான் சொல்கிறது. ஏதாவது ஒரு கால் எப்போதும் தரையில் இருக்க வேண்டும். முப்பது வருஷம் அளந்த கண் சும்மா போகாது.

இந்த வழக்கைத் தீர்த்து வைத்தவர் கார்ப்பரேஷனும் இல்லை, ஜெனீவாவும் இல்லை. விரைவுச் சாலை ஓரத்தில் ஒரு காலை, ஆறடியார் குடையைக் குறுக்கே நீட்டி, ஓட்டக்காரர் குதித்துக்கொண்டே பதில் சொல்லி, வழியை இரண்டு பேரும் அடைத்து நின்றார்கள். காசிமேட்டிலிருந்து மீன் ஏற்றிய மீன்பாடி வண்டி ஒன்று வந்து நின்றது. அன்னக்கூடை நிறைய சங்கராவைத் தலையில் ஏற்றிக்கொண்டு வந்த அம்மா நிற்கவில்லை.

“யோவ் பெரியவரே, கொடைய மடக்கு! ஐஸு ஒழுவுது தெரில? இன்னாபா ஜட்டி போட்ட தம்பி, நீயுந்தான். கைல ஒண்ணும் கெடையாது, தலைல ஒண்ணும் கெடையாது, ரெண்டு பேருக்கும் ரோட்ல இன்னா பேச்சு? ஓரம் ஓரம்!”

ஓட்டக்காரர் கருங்கல் மேல் தாவினார். ஆறடியார் டிரெய்லர் சக்கரத்தோடு ஒட்டிக்கொண்டார். அந்த அம்மா போன பிறகு பார்த்தால் இரண்டு பேருக்கும் நடுவில் ஆறடிக்கு மேலேயே இருந்தது.

துறைமுகத்து ஊரின் பழைய வழக்கம் இது. சுமை தூக்கி வருகிறவருக்கு வழி. மூட்டைக்காரர், தண்ணீர்க்குடம், அன்னக்கூடை, மீன்பாடி வண்டி, இவர்கள் ‘ஓரம்’ என்றால் யாரும் எதிர்க்கேள்வி கேட்பதில்லை. நடக்கிறவருக்கும் ஓடுகிறவருக்கும் நடுவில் அப்படி ஒரு வழக்கம் ஏற்படவே இல்லை. ஏனென்றால் இரண்டு பேரும் வெறுங்கையோடு வந்தவர்கள். உடம்பை இறக்கி வைக்க வந்தவர்கள். அதனால்தான் ஆறடி, பத்து மீட்டர், எரநூறு ரூபாய் என்று வெளியிலிருந்து சட்டம் இரவல் வாங்க வேண்டியிருந்தது.

மாஸ்க்குக்கு அபராதம் போன பிறகும் ஆறடியார் நடக்கிறார். குடை இப்போது மழைக்கு. வீட்டு அலமாரியில் மிச்சமிருந்த மாஸ்க் கட்டு 2023 டிசம்பர் 26 நள்ளிரவில் வெளியே வந்தது. அன்று எண்ணூர் பெரியகுப்பத்தில் அமோனியா கசிந்து, ஜனம் மூக்கைப் பொத்திக்கொண்டு வீட்டைவிட்டு ஓடியது. காற்றில் வரும் விஷயத்தில் எங்கள் ஊர்க்காரரின் பயத்தைக் கேலி செய்ய எனக்குக் கொஞ்சம் கூச்சம் உண்டு. பயப்படுவதற்கு அவருக்குக் காரணம் எப்போதும் இருக்கிறது. ஆள்தான் மாறிவிடுகிறது.

என்னைத் தீர்ப்புச் சொல்லச் சொன்னால், ஓடுகிறவர்தான் ஒதுங்க வேண்டும். எழுபது வயது முழங்கால் கல் மேல் ஏறாது. இருபத்தெட்டு வயது ஏறும். ‘எக்ஸ்க்யூஸ் மீ’யை விட்டுவிட்டு, இருபதடி தூரத்திலேயே “சார், வலப்பக்கம் வரேன்” என்று ஒரு குரல் கொடுத்துவிட்டு, ஷூவில் மண் பட்டாலும் பரவாயில்லை என்று இறங்கிப் போகட்டும். ‘சார்’ முக்கியம். ஆறடியாருக்கும் ஒரு வேண்டுகோள்: அடுத்த தொற்று வரும்போது குடையை முதலில் அந்த டீக்கடை பெஞ்சில் விரித்து அளந்து பாருங்கள். நாலு பேர் உட்கார்ந்தால் அது ரிஜெக்ட்.